பாராட்டுச் செயலி ஒன்றின் மதிப்பீடு: புள்ளிகளை விட்டு வெற்றிடங்களைப் பாருங்கள்

ஊழியர்களைப் பாராட்டவும் அவர்களுக்குப் பரிசளிக்கவும் என்றே உருவாக்கப்பட்ட செயலிகள் இன்று பல விற்பனையில் உள்ளன. அவற்றுள் ஒன்றை நான் பணிபுரியும் நிறுவனம் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறது. ஒரு பிரிவின் பொறுப்பாளர் என்ற முறையில், சாதாரண ஊழியருக்குத் தெரியும் பக்கங்களோடு நிர்வாகத்துக்கு மட்டும் திறக்கும் பக்கங்களையும் நான் தொடர்ந்து பயன்படுத்தியிருப்பதால், வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த மதிப்பீடு உதவும் என்று கருதுகிறேன். செயலியின் பெயரைச் சொல்லவில்லை. இத்துறையின் பெரும்பாலான செயலிகள் இதே அமைப்பில்தான் இயங்குகின்றன என்பதால், பெயர் மாறினாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

அமைப்பு எளிமையானது. மாதத் தொடக்கத்தில் ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு தொகுதிப் புள்ளிகள் வந்து விழும். அவற்றைத் தனக்காகச் செலவிட முடியாது. உடன் பணிபுரிவோருக்குக் கொடுக்க மட்டுமே முடியும். கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறோம் என்று ஓரிரு வரி எழுதி, நிறுவனம் வகுத்துள்ள விழுமியங்களில் ஒன்றை ஹேஷ்டேக்காக இணைக்க வேண்டும். அந்தக் குறிப்பு எல்லோரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் உடனே தோன்றும். ஸ்லாக், டீம்ஸ் போன்ற உரையாடல் தளங்களோடு இணைத்திருந்தால் அங்கும் வரும். பெற்றவர் தம்மிடம் சேர்ந்த புள்ளிகளைப் பரிசுக் கூப்பனாகவோ பொருளாகவோ மாற்றிக்கொள்ளலாம். கொடுக்காமல் விட்ட புள்ளிகள் மாதக் கடைசியில் காலாவதியாகிவிடும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பனைப் பிரதிநிதி திரையில் பெருமையோடு காட்டும் அம்சங்களான புள்ளிகள், அதிகம் பாராட்டு பெற்றவர்களை வரிசைப்படுத்தும் முன்னிலைப் பட்டியல், தானியங்கி வாழ்த்து ஆகியவை சுமார் ரகம். சில இடங்களில் கேடும் செய்கின்றன. அவர் காட்டாமல் கடந்துபோன ஓர் அறிக்கை மட்டும், கட்டிய சந்தாவுக்கு முழுமையாக ஈடு செய்கிறது. யாருக்கு எத்தனை பாராட்டு வந்தது என்பது அந்த அறிக்கையின் பொருளன்று. யாருக்கு நெடுநாளாக எதுவுமே வரவில்லை என்பதை அது காட்டுகிறது.

குறை சொல்வதற்கு முன், நன்றாக இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். செயலி வேகமாகத் திறக்கிறது. ஒருவர் செய்த வேலை மனத்தில் இருக்கும்போதே, எழுந்து போய்ப் படிவம் தேடாமல், வேலை நடந்துகொண்டிருக்கும் அதே சாளரத்திலேயே குறிப்பை எழுதி அனுப்பிவிட முடிகிறது. இந்த வேகம் சிறிய விஷயமன்று. கருத்துக்கணிப்புகள் நடத்தும் காலப் (Gallup) நிறுவனம் உலகெங்கும் ஊழியர்களிடம் கேட்டுவரும் பன்னிரண்டு கேள்விகளில் ஒன்று, கடந்த ஏழு நாட்களுக்குள் உங்கள் நல்ல பணிக்காகப் பாராட்டு கிடைத்ததா என்பதாகும். கேள்வியில் உள்ள கால அளவைக் கவனிக்க வேண்டும். அது ஓராண்டன்று, ஒரு காலாண்டும் அன்று. ஆண்டு விழா மேடையில் கேடயம் வாங்குபவருக்கு, எந்த வேலைக்காக அது கிடைக்கிறது என்பதே பல சமயம் மறந்து போயிருக்கும். அந்த இடைவெளியைக் குறைப்பதில் இச்செயலி சொன்னதைச் செய்கிறது.

எழுதுவதற்கான அந்தச் சிறு பெட்டியே செயலியின் உயிர்நாடி என்றும் சொல்வேன். “அருமையான பணி, நன்றி” என்று எழுதுவதற்கும், “வாடிக்கையாளருக்குப் போகவிருந்த கட்டணப் பட்டியலில் வரித்தொகை இரண்டு முறை சேர்க்கப்பட்டிருந்ததை அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடித்தீர்கள்; அது போயிருந்தால் கடந்த காலாண்டுக் கணக்கு முழுவதையும் மறுபடி திறக்க வேண்டியிருந்திருக்கும்” என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெறுபவர் ஒரு நொடியில் உணர்ந்துவிடுவார். இரண்டாவது குறிப்பை எழுதியவர் வேலையைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு, அது தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் யோசித்திருக்கிறார். ஆனால் செயலி இவ்விரண்டையும் ஒரே மாதிரி எண்ணுகிறது. புள்ளி எண்ணோடு ஒரே ஒரு சொல்லை இட்டு அனுப்பினாலும் அது ஒரு பாராட்டாகப் பதிவாகிவிடும். குறைந்தபட்ச எழுத்து எண்ணிக்கையை நிர்ணயிக்கும் வசதி அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் போட்டால், ஒரு சொல்லில் முடிந்த வெற்றுக் குறிப்புகள் இரண்டு வரி வெற்றுக் குறிப்புகளாக நீளும், அவ்வளவுதான்.

அண்மைப் பதிப்பில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். பெயரையும் விழுமியத்தையும் தேர்ந்தெடுத்தால் போதும், அதுவே மூன்று வாக்கியங்களில் உருக்கமான பாராட்டு ஒன்றை எழுதித் தரும். இதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பாராட்டு மதிப்புப் பெறுவதற்குக் காரணமே, அதை எழுதியவர் அதற்காகச் சிறிது நேரத்தையும் கவனத்தையும் செலவிட்டார் என்பதுதான். அந்தச் செலவையே நீக்கிவிட்ட பிறகு மிஞ்சும் மூன்று வாக்கியங்களை யாருக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

இனிப் புள்ளிகளுக்கு வருவோம். மாதக் கடைசி நெருங்கும்போது பொதுப் பக்கம் திடீரென்று நிரம்பி வழியும். கையில் உள்ளது காலாவதியாகிவிடும் என்ற நினைவூட்டல் மின்னஞ்சல் வந்ததும், மூன்று வாரம் எதுவும் எழுதாதவர்கள் கூடப் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு மொத்தமாகக் கொடுத்து முடிப்பார்கள். இருவர் தமக்குள் ஒரே அளவு புள்ளிகளை மாதந்தோறும் மாற்றிக்கொள்வதும் நடக்கும். இதை யாரும் மோசடி என்று நினைத்துச் செய்வதில்லை. விதிகள் அப்படி இருக்கும்போது மனிதர்கள் அப்படித்தான் நடப்பார்கள். இந்தப் பரிமாற்றத்தைக் கண்டறியும் வசதி செயலிக்குள் இல்லை. தரவை எக்ஸெல் கோப்பாக இறக்கி நாமே பார்த்தால்தான் தெரியும்.

பரிசைப் பணமாகவோ பணம் போன்ற ஒன்றாகவோ கொடுப்பது பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனையில், புதிர்களைத் தீர்ப்பதற்குப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நிறுத்தப்பட்ட பின்னர் ஓய்வு நேரத்தில் அப்புதிர்களைத் தாமாக எடுத்துப் பார்ப்பது குறைந்தது. இது பலருக்கும் தெரிந்த செய்தி. இந்தச் செயலியை மதிப்பிட அதைவிடப் பொருத்தமானது செபாஸ்டியன் கூபே, மிஷேல் மாரெஷால், கிளெமென்ஸ் புப்பே ஆகிய மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு. நூலகப் புத்தகங்களைப் பட்டியலிடும் சில மணி நேர வேலைக்கு ஆட்களை அமர்த்தி, ஒரு குழுவினருக்குப் பேசிய கூலிக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பணம் கொடுத்தார்கள். இன்னொரு குழுவினருக்கு ஏறத்தாழ அதே மதிப்புள்ள, அழகாகப் பொதியப்பட்ட ஒரு தெர்மாஸ் குடுவையைக் கொடுத்தார்கள். பணம் பெற்றவர்களின் வேலை அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குடுவை பெற்றவர்களின் வேலை ஏறத்தாழ 25 விழுக்காடு உயர்ந்தது. சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. மற்றொரு குழுவுக்குப் பணத்தையே கொடுத்தார்கள், ஆனால் நோட்டைச் சட்டை வடிவில் மடித்துக் கொடுத்தார்கள். குடுவைக்குக் கிடைத்தது போன்ற பலன் அதற்கும் கிடைத்தது. ஆக, பணமா பொருளா என்பது கேள்வியே அன்று. கொடுத்தவர் தமக்காகச் சிரமப்பட்டார் என்பது பெறுபவருக்குத் தெரிந்ததா என்பதே கேள்வி.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் செயலியின் பரிசுப் பட்டியல் தோற்றுப்போகிறது. நூற்றுக்கணக்கான கூப்பன்களும் மின்சாதனங்களும் அதில் இருந்தாலும், எதையும் எந்த மேலாளரும் யாருக்காகவும் தேர்ந்தெடுப்பதில்லை. ஊழியர் தாமே ஒரு கடைக்குள் நுழைந்து தம் இருப்பில் கழித்துக்கொண்டு வெளியே வருகிறார். பொருள்களின் புள்ளி விலையும் வெளிச்சந்தை விலையைவிடச் சற்று உயர்ந்தே இருக்கிறது. இதை ஊழியர்கள் முதல் மாதமே கணக்கிட்டுத் தமக்குள் பேசிக்கொண்டார்கள். பட்டியலுக்குள் மேலாளரே ஒரு பரிசை உருவாக்கிச் சேர்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. அரை நாள் விடுப்பு, விரும்பிய பயிற்சி வகுப்புக்கான கட்டணம், விரும்பாத ஷிஃப்டிலிருந்து ஒரு வாரம் விலக்கு போன்றவற்றை நாங்கள் சேர்த்த பிறகு, கூப்பன்களைவிட அவையே விரைவாகத் தீர்ந்தன. பட்டியலில் பாராட்டத்தக்க பகுதி அது ஒன்றுதான்.

பரிசே இல்லாத வெறும் அடையாளமும் வேலை செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாகப் பங்களிக்கத் தொடங்கிய சுமார் 4,000 பேரை வைத்து யானா காலுஸ் நடத்தி 2017-இல் வெளியிட்ட சோதனையில், எவ்விதப் பணமதிப்பும் இல்லாத ஒரு விருதைப் பெற்றவர்கள் தொடர்ந்து பங்களிப்பது 20 விழுக்காடு கூடியது. சம்பளமே இல்லாத இடத்தில் கிடைத்த முடிவை அலுவலகத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் புள்ளிகளை அணைத்துவிட்டுக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டால் யாருமே பயன்படுத்த மாட்டார்கள் என்று விற்பனையாளர் அச்சுறுத்தும்போது, இந்தச் செய்தி கையில் இருப்பது நல்லது.

முன்னிலைப் பட்டியல் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. அது அணைக்கப்பட வேண்டியது. அதிகம் பெற்ற பத்துப் பேரின் படம் முகப்பில் வரும்போது, அந்தப் பத்துப் பேர் யார் என்பது இரண்டாம் மாதத்திலேயே நிலைத்துவிடுகிறது. பல பிரிவினரோடு தினமும் பேசும் வேலையில் இருப்பவர்கள் மேலே இருப்பார்கள், தனியாக உட்கார்ந்து செய்யும் வேலையில் இருப்பவர்கள் ஒருபோதும் அங்கே வர மாட்டார்கள். விருதுகள் எதிர்விளைவு தருவதைத் திமோத்தி கப்லர், இயன் லார்க்கின், லாமர் பியர்ஸ் ஆகியோர் ஒரு சலவைத் தொழில் நிறுவனத்தில் ஆராய்ந்து 2016-இல் எழுதியிருக்கிறார்கள். நேரம் தவறாமல் வருவோருக்கு விருது என்று அதன் ஆலைகளில் ஒன்று அறிவித்தது. விருதுக்குத் தகுதி இருக்கும்வரை மட்டும் சிலர் நேரத்துக்கு வந்தார்கள். தாமதமாக வந்து தகுதியை இழப்பதைவிட உடல்நலமில்லை என்று சொல்லி வராமலே இருந்தவர்களும் உண்டு. விருதே இல்லாத காலத்திலும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலைத்திறன்தான் குறைந்தது. ஆலை முழுவதற்கும் சேர்த்து நாள் உற்பத்தித்திறனில் 1.4 விழுக்காடு இழப்பு. இயல்பாகச் செய்துவந்த ஒன்றுக்குத் திடீரென்று விலை வைத்து, அந்த விலையை வேறொருவருக்குக் கொடுத்தால் அவர்கள் மனம் எப்படி இருக்கும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். கிறிஸ்டியானே பிராட்லரும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட களச் சோதனையில், எல்லோருக்கும் நன்றி சொன்னதைவிட, மிகச் சிறப்பாகச் செய்த சிலருக்கு மட்டும் எல்லோர் முன்னிலையிலும் நன்றி அட்டை கொடுத்தபோதுதான் வேலை அதிகம் கூடியது. அதிலும் அட்டை கிடைக்காதவர்களே தம் வேகத்தைக் கூட்டினார்கள். முன்னிலைப் பட்டியலை ஆதரிப்பவர்கள் இதைக் காட்டலாம். ஆனால் அது சில மணி நேரமே நீடித்த தரவுப் பதிவு வேலை. எல்லோரும் செய்தது ஒரே வேலை. அதை எண்ணி அளக்கவும் முடிந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு வேலை செய்யும் மனிதர்களுக்கு இடையே அந்த ஒப்பீடு நியாயமாக இருக்க வழியில்லை.

தானியங்கி வாழ்த்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தநாளுக்கும் பணியாண்டு நிறைவுக்கும் ஒரே வார்ப்பில் செய்தி போகும். பணி விலகல் கடிதம் கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் இருந்த ஒருவருக்கு, இன்னும் பல்லாண்டுகள் எங்களோடு பயணிக்க வாழ்த்துகள் என்ற செய்தி பொதுப் பக்கத்தில் வந்தது. அவரே அதற்கு விருப்பக் குறி இட்டார்.

இப்போது அந்த அறிக்கைக்கு வருகிறேன். நிர்வாகப் பக்கத்தில் பகுப்பாய்வு என்ற பிரிவுக்குள், பங்கேற்பு என்ற துணைப் பிரிவுக்குள், வடிகட்டியை மாற்றிப் பார்த்தால் கிடைக்கும் பட்டியல் அது. 30, 60, 90 நாட்களுக்கு மேல் யாரிடமிருந்தும் ஒரு குறிப்புக்கூடப் பெறாதவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக வரும். முதல் தடவை அதைத் திறந்தபோது, மேலாளர்கள் பலரும் வேலையில் பின்தங்கியவர்களின் பெயர்களைத்தான் எதிர்பார்த்தார்கள். அதில் இருந்தவர்கள் வேறு வகை. இரவு ஷிஃப்டில் சர்வர்களைக் கவனிப்பவர், மாதந்தோறும் எல்லோருக்கும் சம்பளம் சரியாகப் போவதற்குப் பொறுப்பானவர், பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துபவர், தரக்கட்டுப்பாட்டில் பிழைகளைத் திருப்பி அனுப்புவதால் யாருக்கும் பிரியமில்லாதவர். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே இவர்களின் வேலை. சம்பளம் சரியாக வந்த மாதத்தில் சம்பளக் கணக்காளரை யாரும் நினைப்பதில்லை. ஒரு மாதம் தவறினால் அவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கண்ணில் படும் வேலைக்கே நன்றி போய்ச் சேர்கிறது என்பதை எல்லோரும் பொதுவாக ஒப்புக்கொள்வார்கள். அதைப் பெயர்களோடும் நாட்களோடும் ஒரு பக்கத்தில் பார்க்கும்போது அந்த ஒப்புதல் வேறு கனம் பெறுகிறது.

இத்தகைய அறிக்கையை முகப்பில் வைக்காமல் மூன்று அடுக்குகளுக்குள் புதைத்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. சந்தாவைப் புதுப்பிக்கும் நேரத்தில் விற்பனையாளர் காட்ட விரும்புவது, இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் பாராட்டுகள் பரிமாறப்பட்டன என்ற ஏறுமுகக் கோட்டைத்தான். யாருக்குக் கிடைக்கவில்லை என்ற பட்டியல் அந்தக் கோட்டின் அழகைக் கெடுக்கும்.

அறிக்கையிலும் குறைகள் உண்டு. பொது இடத்தில் புகழப்படுவதை விரும்பாதவர்களுக்காகத் தனிப்பட்ட குறிப்பு அனுப்பும் வசதி செயலியில் இருக்கிறது. ஆனால் அப்படி அனுப்பியவை இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அதனால் கூச்ச சுபாவம் உள்ள ஒருவருக்கு நாம் முறையாக நன்றி சொல்லிக்கொண்டே இருந்தாலும் அவர் பெயர் வெற்றிடமாகவே தோன்றும். மேசையும் நிறுவன மின்னஞ்சலும் இல்லாத ஊழியர்களுக்குக் கைப்பேசி எண் வழியாக நுழையும் வழி இருந்தாலும், அதற்கான கடவுச்சொல் அடிக்கடி காலாவதியாகி அவர்கள் வெளியே தள்ளப்படுகிறார்கள். பட்டியலில் நீண்ட நாட்கள் இருக்கும் பெயர்களில் ஒரு பகுதி இப்படி உள்ளே வரவே முடியாதவர்களுடையது. அதுவும் தெரிய வேண்டிய செய்திதான் என்றாலும், செயலி இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒரு பொத்தானில் இருக்கிறது. பட்டியலில் உள்ளவர்களின் மேலாளருக்குத் தானாக நினைவூட்டல் அனுப்பு என்ற அந்த அமைப்பை இயக்கினால், இன்னாரை நீங்கள் 60 நாட்களாகப் பாராட்டவில்லை என்று மின்னஞ்சல் போகும். அடுத்த பத்து நிமிடத்தில், உங்கள் தொடர்ந்த உழைப்புக்கு நன்றி என்று ஒரு வரி வரும். பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். அந்த ஒரு வரியைப் பெற்றவருக்கு அது ஏன் வந்தது என்று தெரியாது என்று நினைப்பது அவருடைய அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும். எங்கள் பிரிவில் இந்த நினைவூட்டலை அணைத்துவிட்டு, மாதம் ஒரு முறை பட்டியலை நானே பார்த்து, அதிலுள்ள ஒவ்வொருவரிடமும் போய் இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள், அதில் எது கடினமாக இருக்கிறது என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பல சமயம் அந்த உரையாடலுக்குப் பிறகு பாராட்டுக் குறிப்பு எதுவும் எழுதுவதில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்த மென்பொருள் உரிமத்தை வாங்கித் தருவதோ, இருவர் செய்ய வேண்டிய வேலையை அவர் ஒருவரே செய்துவருவது தெரிந்து ஆள் கேட்பதோதான் அதன் விளைவாக இருக்கிறது.

ஊதியத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் வெளியிட்ட ஆய்வு, மனநிறைவு தரும் காரணங்களும் மனக்குறை உண்டாக்கும் காரணங்களும் வெவ்வேறானவை என்று பிரித்தது. அங்கீகாரம் முதல் வகையில் வந்தது, சம்பளம் பெரும்பாலும் இரண்டாவதில். அவர் முறையைப் பின்னர் வந்தவர்கள் பலவாறு கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஆயினும் ஒன்றின் குறையை மற்றொன்றால் அடைக்க முடியாது என்பது அலுவலகத்தில் இருப்பவர்கள் அனைவரும் அறிந்ததே. ஊதிய உயர்வைத் தள்ளிப்போட்ட ஆண்டில் இச்செயலியை அறிமுகம் செய்ய நினைக்கும் நிர்வாகத்துக்கு, அந்த ஆண்டு வேண்டாம் என்றே சொல்வேன்.

செலவைப் பொறுத்தவரை, தலைக்கு இவ்வளவு என்ற மாதச் சந்தா ஒரு பக்கம், பரிசுகளுக்கான தொகை தனியாக மறுபக்கம். ஒப்பந்தத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: புள்ளிகளுக்கான பணம் எப்போது வசூலிக்கப்படுகிறது? ஊழியர் பரிசாக மாற்றும்போது வசூலித்தால் நமக்கு நல்லது. புள்ளி வழங்கப்பட்ட உடனேயே வசூலித்தால், மாற்றாமல் விட்டவையும், வேலையை விட்டுப் போனவர்களின் இருப்பும் விற்பனையாளரின் ஆதாயமாகிவிடும். பல நாடுகளில் கூப்பன்கள் ஊழியரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுவதால், மாதந்தோறும் யார் எவ்வளவுக்கு மாற்றினார் என்ற அறிக்கை சம்பளப் பிரிவுக்கு நேராகப் போகுமா என்பதையும் கேளுங்கள். எங்கள் செயலியில் அதைக் கையால் இறக்கித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. அனுப்புபவரும் அந்த வெற்றிடப் பட்டியலில் இருந்த அதே சம்பளக் கணக்காளர்தான்.

பத்துப் பதினைந்து பேர் மட்டும் உள்ள இடத்துக்கு இது தேவையில்லை; அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு சுற்று நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். பல பிரிவுகள், பல ஷிஃப்டுகள், தொலைவிலிருந்து பணிபுரிவோர் என்று பரவிய நிறுவனங்கள் வாங்கலாம். விற்பனைப் பிரதிநிதி மாதிரி காட்ட வரும்போது, முகப்புப் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு, 90 நாட்களாக எதுவும் பெறாதவர்களின் பட்டியலை உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். தனிப்பட்ட குறிப்புகள் அதில் சேர்கின்றனவா, உள்ளே நுழைய முடியாதவர்கள் தனியாகத் தெரிகிறார்களா என்றும் கேளுங்கள். அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தேட வேண்டியிருந்தால், அடுத்த செயலியின் பிரதிநிதிக்கு நேரம் ஒதுக்குங்கள்.